இணையவழிச் சொற்செயலியும் கட்டுரைத் திருத்தமும்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

முன்னுரை

எழுதுவது மாணவியின் கடமை. எழுதியதைத் திருத்துவது ஆசிரியையின் கடமை. திருத்தியதைத் திரும்பப் படிப்பது எவருடைய கடமை? இக்கேள்வியை நம்மில் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை.

கட்டுரை நோட்டுகள் திருத்தப்பட்டு வரும் நாளில் வகுப்பறையில் நடப்பதைத் தோழியர் யாவரும் அறிவர். நோட்டு கைக்கு வந்ததும் நம் கண்கள் எதைத் தேடுகின்றன? மதிப்பெண்ணைத்தான்! இருபதுக்குப் பதினான்கா, பதினைந்தா? பக்கத்தில் இருப்பவளுக்கு எத்தனை? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தவுடன் நோட்டு பைக்குள் போய்விடுகிறது. ஆசிரியை சிவப்பு மையால் ஓரத்தில் எழுதிய வரிகள் படிக்கப்படாமலே கிடக்கின்றன.

அவ்வரிகளின் பின்னால் உள்ள உழைப்பைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 மாணவியர் எனக் கொள்வோம். ஒரு கட்டுரையைக் கருத்தோடு படித்துத் திருத்தப் பத்து நிமிடம் ஆகுமானால், 40 கட்டுரைகளுக்கு 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம் வேண்டும். மூன்று பிரிவுகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியைக்கு இருபது மணி நேரம்! வீட்டு வேலை முடித்து, இரவில் கண் விழித்து அவர் செய்யும் இப்பணியின் பயன், நாம் பையின் வாயை மூடும் அந்தக் கணத்தில் வீணாகிவிடுகிறது.

இக்குறையைப் போக்க இன்று ஒரு கருவி வந்துள்ளது. அதுவே இணையவழிச் சொற்செயலி. அதனைக் கொண்டு கட்டுரைகளை எவ்வாறு திருத்துகின்றனர், அதனால் விளையும் நன்மை யாது, அதில் நாம் விழிப்பாக இருக்கவேண்டிய இடங்கள் எவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சொற்செயலி பிறந்த கதை

தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்துத் தவறினால் தாளையே மாற்ற வேண்டியிருந்தது. அத்தொல்லையைக் குறைக்க, அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனம் 1964-ஆம் ஆண்டில், எழுத்துகளைக் காந்த நாடாவில் பதிந்து வைத்துக்கொள்ளும் தட்டச்சுப் பொறி ஒன்றை வெளியிட்டது. பிழையான இடத்தை மட்டும் மாற்றிவிட்டு முழுப் பக்கத்தையும் பொறியே மீண்டும் அடித்துத் தரும். பின்னர்க் கணிப்பொறி பரவியபோது, எழுதுவது, அழிப்பது, இடம் மாற்றுவது ஆகிய யாவும் திரையிலேயே நிகழ்ந்தன. இவ்வேலைக்கான மென்பொருளே சொற்செயலி எனப்படுகிறது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. கட்டுரை ஒருவருடைய கணிப்பொறிக்குள் இருந்தது. அதை மற்றவர் பார்க்க வேண்டுமானால் படி எடுத்து அனுப்ப வேண்டும். படிக்குப் படி திருத்தங்கள் வேறுபட, எது கடைசிப் படி என்பதே தெரியாமற் போகும்.

2005-ஆம் ஆண்டில் இதற்கு விடை பிறந்தது. அமெரிக்காவில் அப்ஸ்டார்ட்டில் என்னும் சிறு நிறுவனம் ‘ரைட்லி’ என்ற சொற்செயலியை இணையத்திலேயே இயங்குமாறு அமைத்தது. அதே ஆண்டில், நம் சென்னையில் பெரும் பணிக்கூடம் கொண்டிருந்த அட்வென்ட்நெட் நிறுவனம் ‘ஜோஹோ ரைட்டர்’ என்பதை வெளியிட்டது. அந்நிறுவனமே இன்று ஜோஹோ என அழைக்கப்படுகிறது. ரைட்லியை 2006-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் வாங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று பலரும் அறிந்த ‘கூகுள் டாக்ஸ்’. 2014-ஆம் ஆண்டில் ‘கூகுள் கிளாஸ்ரூம்’ வந்தபின், பள்ளிக் கட்டுரைகளைக் கொடுக்கவும் வாங்கவும் திருத்தவும் அது வாயிலாயிற்று.

இவ்வகைச் சொற்செயலியில் கட்டுரை இணையத்தில் ஒரே இடத்தில் இருக்கும். எழுதியவளும் ஆசிரியையும் வெவ்வேறு ஊரில் இருந்தாலும் அதே பக்கத்தைத் திறக்கலாம். ஒவ்வொருவரும் எங்கே எழுதுகிறார் என்பதைத் தனித்தனி நிறக் குறி காட்டும். எழுத எழுதத் தானே சேமித்துக்கொள்ளும். ஆகவே, மின்சாரம் நின்றதால் கட்டுரை முழுதும் போயிற்று என்னும் சாக்கும் இனிச் செல்லாது!

மூன்று வாசல்கள்

கட்டுரையை மற்றவருக்குத் திறந்துவிடும்போது மூன்று விதமான உரிமைகளுள் ஒன்றை நாம் தெரிந்தெடுக்க வேண்டும்.

முதலாவது, பார்க்கும் உரிமை. இதைப் பெற்றவர் படிக்கலாம். குறிப்பு எழுதவோ மாற்றவோ இயலாது. இரண்டாவது, கருத்துக் கூறும் உரிமை. இதைப் பெற்றவர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம், திருத்தத்தை முன்மொழியலாம், ஆனால் நம் எழுத்தை நேராக மாற்ற இயலாது. மூன்றாவது, திருத்தும் உரிமை. இதைப் பெற்றவர் ஒரு சொல்லையோ ஒரு பக்கத்தையோ நேராகவே மாற்றிவிடலாம்.

தோழி ஒருத்தியிடம் கட்டுரையைக் காட்டி யோசனை கேட்பதானால் இரண்டாம் உரிமையே போதும். மூன்றாவதைக் கொடுத்தால் எழுதியது யார் என்ற ஐயமே எழுந்துவிடும். கிளாஸ்ரூம் வழியே ஆசிரியை கட்டுரையைக் கேட்கும்போது ஒவ்வொரு மாணவிக்கும் தனிப் படி கிடைக்குமாறு செய்யலாம். நாம் ‘ஒப்படை’ என்பதை அழுத்தியதும் நம்முடைய திருத்தும் உரிமை நின்றுவிடும். ஆசிரியை திருப்பித் தந்தபின்போ, நாமே ஒப்படைத்ததைத் திரும்பப் பெற்றாலோ அவ்வுரிமை மீண்டும் நம் கைக்கு வரும்.

இதில் ஒரு பொருள் பொதிந்துள்ளது. நோட்டில் எழுதிய கட்டுரை திருத்தப்பட்டுத் திரும்பும்போது அதன் வாழ்வு முடிந்துவிடுகிறது. சொற்செயலியிலோ, திரும்பி வரும் கட்டுரை இன்னும் ஈரம் காயாத மண்பாண்டம் போன்றது. குயவர் சக்கரத்தில் அதை மீண்டும் வைக்கலாம், வடிவை மாற்றலாம்.

திருத்தும் இரு முறைகள்

சொற்செயலியில் ஆசிரியைக்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, கமெண்ட் எனப்படும் ஓரக் குறிப்பு. பிழையுள்ள இடத்தைத் தெரிந்தெடுத்து, கண்ட்ரோல், ஆல்ட், எம் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஓரத்தில் ஒரு கட்டம் திறக்கும். அதில் குறிப்பை எழுதலாம். மாணவி அதன் கீழே பதில் எழுதலாம். மற்றொன்று, சஜஷன் எனப்படும் முன்மொழிவு. இதில் நீக்க வேண்டிய சொல்லின் மேல் கோடு விழும். சேர்க்க வேண்டிய சொல் வேறு நிறத்தில் தோன்றும். மாணவி சரி என்னும் குறியை அழுத்தினால் திருத்தம் ஏறிவிடும். பெருக்கல் குறியை அழுத்தினால் மறைந்துவிடும்.

இவற்றுள் எது சிறந்தது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு மாணவி இவ்வாறு எழுதியதாகக் கொள்வோம்:

“எங்கள் ஊரில் கோடைக்காலத்தில் தன்ணீர் பஞ்சம் வரும். மழை காலத்தில் பெய்யும் நீர் எல்லாம் கடளில் கலக்கிறது. எனவே எல்லோறும் மழைநீரைச் சேமிக்க வேண்டும். அரசு நிறைய செய்கிறது.”

நான்கு வாக்கியங்களில் ஆறு பிழைகள் உள்ளன. தன்ணீர், கடளில், எல்லோறும் என்னும் மூன்றும் எழுத்துப் பிழைகள். தண்ணீர்ப் பஞ்சம், மழைக்காலத்தில், நிறையச் செய்கிறது என வரவேண்டிய இடங்களில் ஒற்று விடுபட்டவை மூன்று.

முதல் முறையில், ஆசிரியை ஆறு இடங்களிலும் முன்மொழிவு செய்கிறார். மாணவி ஆறு முறை சரி என்னும் குறியைத் தட்டுகிறாள். பத்து விநாடிகளில் கட்டுரை கண்ணாடி போல் ஆகிவிடுகிறது. ஆனால் அவள் கற்றது என்ன? ஒன்றுமில்லை! அடுத்த கட்டுரையிலும் தண்ணீரைத் தவறாகவே எழுதுவாள். திருந்தியது தாள், திருந்தாதவள் மாணவி.

இரண்டாம் முறையில், ஆசிரியை ஓரக் குறிப்புகளை மட்டும் எழுதுகிறார்:

குறிப்பு 1: முதல் வாக்கியத்தில் ணகர னகர மயக்கம் ஒன்று உள்ளது. டண்ணகரமா, றன்னகரமா? அகராதியில் பார்.

குறிப்பு 2: இப்பத்தியில் மூன்று இடங்களில் வல்லினம் மிக வேண்டும். ஒன்றைக் காட்டுகிறேன்: ‘மழைக்காலத்தில்’. மற்ற இரண்டையும் நீ கண்டுபிடி.

குறிப்பு 3: நீர் எல்லாமே கடலுக்குப் போகிறதா? உன் வீட்டுக் கூரையில் விழும் நீர் எங்கே போகிறது என்று பார்த்து எழுது.

குறிப்பு 4: அரசு என்ன செய்தது? எந்த ஆண்டில்?

இப்போது மாணவி எழுந்திருக்க வேண்டும். அகராதியைப் புரட்ட வேண்டும். கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பெரியவர்களைக் கேட்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அப்பத்தி இவ்வாறு மாறலாம்:

“எங்கள் தெருவில் ஏப்ரல் மாதம் முதலே தண்ணீர்ப் பஞ்சம் வந்துவிடும். லாரி வரும் நாளில் அம்மாவும் நானும் குடங்களுடன் காத்திருப்போம். மழைக்காலத்திலோ எங்கள் கூரையில் விழும் நீர் சாக்கடையில் ஓடிப்போகிறது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பு அமைய வேண்டும் என்று தமிழக அரசு 2003-ஆம் ஆண்டில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. எங்கள் வீட்டில் அதற்காக வைத்த குழாயில் மண் அடைத்துக் கிடக்கிறது. இந்த விடுமுறையில் அதைச் சுத்தம் செய்யப் போகிறோம்.”

முதற்பத்தியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். இரண்டாம் பத்தியை அவள் ஒருத்திதான் எழுத முடியும். பிழையைத் திருத்திக் கொடுப்பதைவிடப் பிழை இருக்கும் இடத்தைக் காட்டுவதே மேலான திருத்தம் என்பது இதனால் விளங்கும்.

ஓரக் குறிப்பில் மற்றொரு நன்மையும் உண்டு. வகுப்பில் எழுந்து நின்று ஐயம் கேட்கக் கூசும் மாணவியர் எத்தனையோ பேர்! எங்கள் வகுப்பில் வாய் திறவாத தோழி ஒருத்தி இருக்கிறாள். ‘அரசன் வீரனுக்கு வேலை கொடுத்தான்’ என்று அவள் எழுதியிருந்ததற்கு, ‘இங்கே ஒற்று வேண்டுமா, வேண்டாமா?’ என்று டீச்சர் குறிப்பு எழுதினார்கள். அவள் கீழே, ‘ஏன் டீச்சர், இரண்டும் சரிதானே?’ என்று கேட்டிருந்தாள். ‘நீ சொல்ல வந்த பொருளைப் பொறுத்தது. பணியைக் கொடுத்தான் என்றால் வேலை கொடுத்தான். வேல் என்னும் படைக்கருவியைக் கொடுத்தான் என்றால் வேலைக் கொடுத்தான்’ என்று பதில் வந்தது. மறுநாள் அவளே அதை எங்களுக்கு விளக்கிக் கூறினாள். ஒரு வருடமாக நாங்கள் கேட்டறியாத குரலை அன்று கேட்டோம்.

மதிப்பெண் எப்போது?

குறிப்பு எழுதியாயிற்று. மதிப்பெண்ணையும் அதன் பக்கத்திலேயே இட்டுவிடலாமா? இவ்வினாவை ஆராய்ந்தவர் இஸ்ரேல் நாட்டு அறிஞர் ரூத் பட்லர். 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆய்வில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்கள் மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு வகையினர்க்குக் குறிப்பு மட்டும் தரப்பட்டது. மற்றொரு வகையினர்க்கு மதிப்பெண் மட்டும். மூன்றாம் வகையினர்க்குக் குறிப்பு, மதிப்பெண் இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களே பின்னர் ஊக்கத்தோடும் திறத்தோடும் விளங்கினர். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே பின்தங்கினர் என்பது வியப்பன்றோ? மதிப்பெண் வந்தவுடன் குறிப்பு கண்ணில் படாமற் போகிறது. நம் நோட்டுகள் பைக்குள் போகும் வேகத்தை நினைத்தால் இதில் வியப்பும் இல்லை.

1998-ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர்கள் பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். வகுப்பறையில் அன்றாடம் செய்யும் மதிப்பீடு, மாணவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் காட்டும்போது கல்வித்தரம் உயர்கிறது என்று அவர்கள் எடுத்துரைத்தனர்.

நோட்டில் இதைச் செய்வது கடினம். குறிப்புக்காக ஒரு முறையும் மதிப்பெண்ணுக்காக ஒரு முறையும் நாற்பது நோட்டுகளைச் சுமப்பது எவ்வாறு? சொற்செயலியில் இது எளிது. முதலில் மதிப்பெண் இன்றிக் குறிப்புகளோடு கட்டுரை திரும்பும். மாணவி திருத்தி மீண்டும் ஒப்படைப்பாள். அதன் பின்னரே மதிப்பெண் இடப்படும். அப்போது மதிப்பெண், அவள் கற்றுக்கொண்டதற்கு உரியதாகிறது.

நடுநிலை தவறாமை

மதிப்பெண் இடுவதில் நடுநிலை எவ்வளவு அரிது என்பதை 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் என்னும் இருவர் காட்டினர். ஓர் ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்களிடம் அனுப்பினர். விடைத்தாள் ஒன்றே, ஆனால் நூற்றுக்கு 64 மதிப்பெண் இட்டவரும் இருந்தனர், 98 இட்டவரும் இருந்தனர்!

கையெழுத்தின் அழகும் மதிப்பெண்ணை மயக்கக்கூடும். இதைப் பழங்காலச் சீனர் நன்கு உணர்ந்திருந்தனர். அந்நாட்டில் அரசுப் பணிக்கு எழுத்துத் தேர்வு நடந்தது. சாங் அரச மரபினர் காலத்தில் தேர்வு எழுதியவர் பெயரை ஒட்டி மறைத்தனர். கையெழுத்தால் ஆளை அறிந்துவிடாதபடி, எழுத்தர்களைக் கொண்டு விடைத்தாள் முழுவதையும் வேறு தாளில் எழுதுவித்து, அப்படியையே திருத்துவோரிடம் கொடுத்தனர். பிற்காலத்தில் அப்படிகள் சிவப்பு மையால் எழுதப்பெற்றன. நம்மைத் திருத்தும் சிவப்பு மை அங்கே நம்மைக் காக்கும் மையாக இருந்தது! அத்தேர்வு முறை 1905-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

அவ்வெழுத்தர்களின் வேலையை இன்று சொற்செயலி செய்கிறது. எல்லாருடைய எழுத்தும் ஒரே வடிவில் இருப்பதால், கோழி கிளறியது போல் எழுதுபவளும் முத்து முத்தாக எழுதுபவளும் கருத்தால் மட்டுமே வேறுபடுவர். பெயர் மட்டும் மேலே தெரியும். ஆகையால் அளவுகோலை முன்னரே வகுத்து அனைவருக்கும் அறிவித்துவிடுவது நன்று. இருபது மதிப்பெண் கட்டுரைக்கு இவ்வாறு ஒன்றை அமைக்கலாம்:

கருத்து: 6
சான்றும் எடுத்துக்காட்டும்: 4
முன்பின் தொடர்பு: 4
பிழையின்மை: 4
நடை: 2

இப்பட்டியலைக் கிளாஸ்ரூமில் கட்டுரையோடு இணைத்து வைக்கலாம். எழுதுமுன் மாணவி அதைப் படிப்பாள். திருத்தும்போது ஆசிரியை அதையே கொண்டு அளப்பார். எனக்கு ஏன் குறைந்தது என்னும் மனத்தாங்கலுக்கு இடமிராது.

எழுத்தின் வரலாறு

சொற்செயலியில் வெர்ஷன் ஹிஸ்டரி என்று ஒன்று உண்டு. கட்டுரை எந்த நாளில், எந்த நேரத்தில், யாரால், எப்படி மாற்றப்பட்டது என்பதை அது வரிசையாகக் காட்டும். வேண்டுமானால் பழைய வடிவத்தையே மீட்டுக்கொள்ளலாம்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் பொறிகள் பெருகிவிட்டன. அதனால் நன்றாக எழுதும் மாணவியின் மேலும் ஐயம் விழுகிறது. ‘இது நீயே எழுதியதா?’ என்ற ஒரு சொல், நான்கு நாள் உழைத்தவளின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். அத்தகையவளுக்கு இவ்வரலாறு ஒரு சாட்சி. திங்களன்று ஒரு பத்தி, செவ்வாயன்று அதில் பாதி அழிவு, புதனன்று புதிய முடிவு என அவள் உழைப்பு திரையில் விரியும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வீட்டில் தாளில் எழுதி முடித்து, அண்ணனின் தொலைபேசி கிடைத்த அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்பவளும் இருக்கிறாள். அவளுடைய வரலாற்றில் கட்டுரை ஒரே மூச்சில் தோன்றும். அதைக் கொண்டு அவளைக் குற்றவாளியாக்குதல் நீதியாகாது. அவளை அருகில் அழைத்து, கட்டுரையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாலே உண்மை புலப்படும். அவள் எழுதிய தாளையும் பார்க்கலாம். வரலாறு குற்றமற்றவளைக் காக்கப் பயன்படட்டும். தண்டிக்க அது ஒன்றே போதாது.

விழிப்பு வேண்டிய இடங்கள்

எக்கருவியும் பயன்படுத்துவோர் கையில் உள்ளது. இதிலும் நாம் கருத்தில் கொள்ள வேண்டியவை சில உள்ளன.

முதலாவதாக, எல்லா இல்லங்களிலும் கணிப்பொறி இல்லை. பல வீடுகளில் ஒரே தொலைபேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் செல்கிறார். இரவு ஒன்பது மணிக்குமேல்தான் பிள்ளைகள் கைக்கு அது வரும். ஆகவே பள்ளிக் கணிப்பொறி அறையில் இதற்கென நேரம் ஒதுக்குவதும், தாளில் எழுதித் தருவதையும் ஏற்பதும் வேண்டும். கருவி இல்லாமை மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

இரண்டாவதாக, தமிழில் தட்டச்சு செய்யும் முறை. ஆங்கில எழுத்துகளால் ஒலியை அடித்தால் பொறியே தமிழ்ச் சொற்களை எடுத்து நீட்டுகிறது. அங்கே ணகரமா னகரமா என்று தீர்மானிப்பது நாம் அல்லேம், பொறி! பிழையில்லாத கட்டுரையைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையைப் பழகுதல் நன்று. அதில் ஒவ்வோர் எழுத்தையும் நாமே அறிந்து அடிக்க வேண்டும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது புள்ளி பெற்றுவிடும் என்னும் வசதியும் அதில் உண்டு.

மூன்றாவதாக, பொதுத்தேர்வை நாம் பேனாவால் எழுதுகிறோம். அங்கே அழிக்கும் விசையும் இல்லை. ஓரக் குறிப்பும் இல்லை. ஆதலால் திரையில் திருத்தி முடித்த கட்டுரையை ஒருமுறை நோட்டில் கைப்பட எழுதிப் பழகுவது நம் போன்ற பத்தாம் வகுப்பு மாணவியர்க்கு இன்றியமையாதது.

நான்காவதாக, பாதுகாப்பு. இணைப்பு முகவரி உள்ள எவரும் பார்க்கலாம் என்னும் அமைப்பில் கட்டுரையை வைத்தால், அம்முகவரி கைமாறிச் செல்லும் இடமெல்லாம் அதுவும் செல்லும். நம் கட்டுரைகளில் வீடு, தெரு, குடும்பம் பற்றி எழுதுகிறோம். ஆகவே ஆசிரியையின் முகவரிக்கு மட்டும் உரிமை கொடுத்தலே பெண்பிள்ளைகளுக்கு நலம். பெற்றோரும் இதனைக் கவனித்தல் வேண்டும்.

ஐந்தாவதாக, நேரம். திரை இரவும் பகலும் திறந்திருக்கிறது என்பதற்காக ஆசிரியையும் இரவு பகலாக அமர்ந்திருப்பார் என்று எண்ணலாமா? நள்ளிரவில் கேள்வி எழுதிவிட்டுக் காலையில் பதில் இல்லையே என்று வருந்துவது முறையன்று. அவர்களுக்கும் இல்லம் உண்டு, பிள்ளைகள் உண்டு, உறக்கம் உண்டு.

இனி, அடிக்கடி எழுதும் குறிப்புகளைச் சேர்த்து வைத்து எடுத்துப் பயன்படுத்தும் வசதி கிளாஸ்ரூமில் உள்ளது. ‘நன்று’, ‘இன்னும் விரிவாக எழுது’ போன்றவற்றை மீண்டும் மீண்டும் அடிக்காமலே நாற்பது பேருக்கும் இட்டுவிடலாம். ஆசிரியையின் நேரம் இதனால் மிகும் என்பது உண்மையே. மிகும் அந்நேரத்தில் ஒவ்வொருத்திக்கும் அவளுக்கே உரிய ஒரு வரி கிடைக்குமானால், அதுவே இக்கருவியால் நாம் பெறும் பெரும்பேறு. ‘உன் வீட்டுக் கூரையைப் பார்த்து எழுது’ என்ற வரியை எந்தப் பட்டியலில் இருந்தும் எடுக்க இயலாது. அதை எழுத, ஒருவர் நம் கட்டுரையை உண்மையாகவே படித்திருக்க வேண்டும்.

முடிவுரை

திருத்தியதைத் திரும்பப் படிப்பது எவருடைய கடமை எனத் தொடக்கத்தில் கேட்டோம். அது மாணவியின் கடமையே. நோட்டுக் காலத்தில் அக்கடமையிலிருந்து எளிதில் நழுவிவிட முடிந்தது. இன்று ஒவ்வொரு குறிப்பும் நம் பதிலுக்காக ஓரத்தில் காத்திருக்கிறது. ‘முடிந்தது’ என்னும் குறியைத் தட்டி அதை மறைத்துவிடவும் முடியும். நின்று படித்து, எண்ணி, மாற்றி எழுதவும் முடியும். எதைச் செய்வது என்பது நம் விரல் நுனியில் உள்ளது.

தோழியரே! அடுத்த கட்டுரை திரும்பி வரும்போது இம்மூன்றைச் செய்து பாருங்கள். குறிப்புகள் அனைத்தையும் படித்த பின்னரே மதிப்பெண்ணைப் பாருங்கள். முன்மொழிவு எதையும் ஏன் என்று அறியாமல் ஏற்காதீர்கள். ஒரு குறிப்புக்கேனும் பதிலோ கேள்வியோ எழுதுங்கள். இணைய வசதி இல்லாதவர்கள் இதே மூன்றையும் நோட்டிலேயே செய்யலாம். கட்டுரையின் கீழ் இரண்டு வரி இடம் விட்டு, ‘டீச்சர், நீங்கள் சொன்னதை இவ்வாறு மாற்றியுள்ளேன், சரிதானா?’ என்று எழுதி நீட்டுங்கள். இருபது மணி நேரம் கண் விழித்தவருக்கு அவ்விரண்டு வரிகளைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.

பிழையின்றி எழுதுவோமாக! பிழை நேர்ந்தால் காரணம் அறிந்து திருந்துவோமாக!